விரலுக்கு இணங்கும் சக்கர நாற்காலி

பிளவக்கல் அணையின் நீரையும் அதன் பின்னே எழுந்து நிற்கும் மலைத்தொடரையும் கண்டு களிக்க இப்போதெல்லாம் கூமாப்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அழகாக விளங்கும் தென்னந்தோப்புகள், மரமேறிக் காய் பறித்துப் பிழைப்பவர்களுக்கோ நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கும் இடங்களாகும். உச்சியிலிருந்து விழுந்தவர் உயிர் தப்பினாலும், கழுத்தின் முள்ளெலும்பு நொறுங்கி உள்ளே ஓடும் தண்டுவடம் சேதமுற்றிருந்தால், கால்களோடு கைகளும் சுவாதீனம் இழந்துவிடும். இத்தகையோருக்கு மின்கலத்தால் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று கிடைத்துவிட்டால் போதுமென்று நாம் எண்ணுகிறோம். அந்த நாற்காலியை ஓட்டுவதற்கும் கைதானே வேண்டும்?

யந்திரத்தின் அமைப்பு எளியதே. பெரும்பாலான நாற்காலிகளில் 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தர, வலச்சக்கரத்துக்கு ஒன்றும் இடச்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் தனித்தனியே சுழல்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் வீதி முனையில் திரும்புவதைக் கண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டுவதில்லை: ஒரு பக்கத்துச் சக்கரத்தை முட்டுக்கட்டை தடுக்க, மறுபக்கம் முன்னேற, அத்தனை பெரிய தேரும் மெல்லத் திரும்பிவிடுகிறது. அங்கே கட்டை போடுவோரின் கை செய்கிற காரியத்தை இங்கே செய்வது, கைச்சட்டத்தின் முனையில் நிற்கும் ஜாய்ஸ்டிக் என்ற சிறு கோல். அதைச் சாய்த்த திசையையும் அளவையும் உணர்ந்து, எந்த மோட்டார் முந்த வேண்டும், எது தளர வேண்டும் என்று மின்சுற்று தீர்மானிக்கிறது. விட்டுவிட்டால் வில்லின் விசையால் கோல் நடுவுக்குத் திரும்பி, வண்டி நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரில் கழுத்து முறிந்து திரும்பிய வீரர்களுக்காகக் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியியலறிஞர் உருவாக்கிய நாற்காலியிலேயே இந்த இரட்டை மோட்டாரும் கோலும் இடம்பெற்றிருந்தன. நம் பக்கத்திலும் இந்தத் துயரத்தை அறிந்து அதற்கு மாற்றுத் தேடியவர் உண்டு. பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்கு அருகேயுள்ள ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

கை செயலிழந்தது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அது பிழை. கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாம் மட்டம் வரை பழுதின்றி இருப்பவருக்குத் தோளை அசைக்கவும் முழங்கையை மடக்கவும் இயலும். ஆறாம் மட்டமும் பிழைத்திருந்தால் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தவும் கூடும். இருவராலும் விரல்களால் எதையும் இறுகப் பற்ற மட்டும் முடியாது. ஆகவே கோலின் தலையிலுள்ள சிறு குமிழைக் கழற்றிவிட்டு, கவட்டை போன்ற இரு கொம்புடைய பிடியைப் பொருத்தி, அதன் நடுவே கையை வைத்துவிட்டால், பற்றாமலே முன்னும் பின்னும் தள்ளலாம். சிலருக்கு உள்ளங்கை நிறையும் பந்து உகந்தது; சிலருக்குக் குறுக்குக் கட்டை உகந்தது.

தசைச்சிதைவு நோயுற்றவரின் நிலை வேறு. அவருக்குக் கையைத் தூக்கும் பலம் போன பின்பும் விரல் நுனியில் சிறிதளவு அசைவு நெடுநாள் தங்கியிருப்பதுண்டு. சாதாரணக் கோலைச் சாய்க்க ஏறக்குறைய கால் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டியிருக்க, இவருக்கென்று செய்யப்படும் நுண்கோல் அதில் மிகச் சிறு பங்குக்கே இணங்கிவிடும். அதையும் கைச்சட்டத்தில் வைக்காமல், மடியின் மேல் ஒரு பலகை அமைத்து, கை இயல்பாகக் கிடக்கும் இடத்திலேயே பதிக்க வேண்டும். அசைவு எங்கே எஞ்சியிருக்கிறதோ அங்கே கோல் போக வேண்டுமேயன்றி, கோல் இருக்குமிடத்துக்குக் கை வர வேண்டும் என்பது நியாயமன்று.

மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குவோருக்கு, பலத்தைவிட அடக்கமே குறை. அவர்களுக்கு மின்சுற்றின் நிரலில் நடுக்கத்தைத் தணித்தும், நடுநிலையைச் சுற்றிச் சிற்றசைவுகளைப் பொருட்படுத்தாத வட்டத்தை விரித்தும், வேகம் படிப்படியாக ஏறும்படி வைக்கலாம். கையே உதவாதபோது தாடையும் தலையும் உதவும். குழாயில் பலமாக ஊதினால் முன்னேறவும், பலமாக உறிஞ்சினால் பின்வாங்கவும், மெல்ல ஊதியும் உறிஞ்சியும் திரும்பவும் செய்கிற ஏற்பாடும் உண்டு.

இவற்றுள் பிடியைச் செய்வது ராஜபாளையத்துக் கடைசல் பட்டறையில் நைலான் துண்டொன்றைக் கடைந்து முடிக்கக்கூடிய வேலைதான்; வழுக்கினால் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் பிடி கனமாக இருக்கலாகாது. மேடுபள்ளச் சாலையில் குலுங்கும்போது அந்தக் கனமே கோலைச் சாய்த்து வண்டியை இழுத்துவிடும், நிற்கும்போதே சாய்ந்திருந்தால் பல நாற்காலிகள் கிளம்பவே மறுத்துவிடும். பிடியை நீளமாக்கினால் நெம்புகோல் விதிப்படி விசை குறையுமெனினும், கை அதிக தூரம் நகர நேரும். தசை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவரின் கை கோலிலேயே சிக்கிவிடக்கூடுமாதலால், முழங்கையோ தலையோ எட்டும் இடத்தில் தனியாக ஒரு நிறுத்து விசையும் அவசியம்.

நாற்காலியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதை என் மனம் ஒப்புவதில்லை. பொருத்தும் நாளில் சிகிச்சையாளர், பட்டறைக்காரர், அமர்கிறவர் ஆகிய மூவரும் ஓரிடத்தில் கூடி, மிகக் குறைந்த வேகத்தில், சமதளத்தில், ஒரு முற்பகல் முழுதும் செலவிட்டுப் பார்க்க வேண்டும். தசைச்சிதைவு உடையவராயின் சில மாதங்களுக்கு ஒருமுறை, விரலின் பலம் குறையக் குறைய, கோலை மீண்டும் இடம்மாற்றிக் கொடுக்க வேண்டும்.