விதை விழாத விரிகுடா

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு அண்மையில், அர்க்கஷோன் என்னும் விரிகுடா உள்ளது. அங்குள்ள குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சிப்பி வளர்த்துப் பிழைப்பவை. கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் கோடையில் கடலுள் இறக்கி வைப்பார்கள். நீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். உழவனுக்கு விதைநெல் எவ்வாறோ, இவர்களுக்கு அக்குஞ்சுகள் அவ்வாறு.

1970-களின் பிற்பகுதியில் அந்த விதை விழவில்லை. தாய்ச் சிப்பிகள் உயிரோடிருந்தன. ஓடுகளோ வெறுமையாகவே கரையேறின. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்குக் குறையாமல் விளைந்த இடத்தில், 1981-இல் ஏறத்தாழ மூவாயிரம் டன்னே கிடைத்தது.

பழி உல்லாசப் படகுகளின் மீது விழுந்தது. அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் பிடிக்காதிருக்கப் பூசிய வண்ணத்தில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்திருந்தது.

சிப்பியின் இளமைப் பருவத்தைச் சற்று நோக்குவோம். நீரில் கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் மெல்லிய மேலோடு கொண்ட, நீந்தும் இளவுயிரியாகிறது. இரண்டு மூன்று வாரம் அலைந்த பின்னரே ஓரிடத்தில் நிலைகொள்கிறது. உறுப்புகள் உருவாகும் அந்நாள்களில் உலோக நஞ்சின் தாக்குதல் மிகக் கொடியது. ஒரு லிட்டர் கடல்நீரில், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவான அச்சேர்மமே இளவுயிரிகளின் வளர்ச்சியைக் குலைத்து அவற்றை மாய்த்துவிடும். வளர்ந்த சிப்பியோ அவ்வளவில் மாள்வதில்லை. அதன் மேலோடு தடித்து உருண்டு, விலைபோகாததாகிறது. பெரியவை உயிரோடிருப்பதைக் கண்டு நீர் நன்று எனத் தீர்ப்பளிக்க நமக்கு உரிமை இல்லை.

1982 சனவரியில் பிரெஞ்சு அரசு, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அவ்வண்ணத்தைத் தடை செய்தது. அவ்வாண்டே ஓடுகளில் மீண்டும் குஞ்சுகள் ஒட்டின! உலகக் கப்பல்கள் அனைத்திற்குமான உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு விரிகுடா கண்டறிந்ததை உலகம் ஏற்க 26 ஆண்டுகள் சென்றன என்பது நமக்குச் சிறிது மிகையாகவே தோன்றுகிறது.

இன்று படகு வண்ணங்களில் பெரும்பாலும் செம்பு கலக்கப்படுகிறது. வெள்ளீயச் சேர்மத்தை நோக்க அதன் கொடுமை குறைவே. எனினும் செம்பும் சிப்பிக் கருவை உருக்குலைக்க வல்லதே. ஆகையால் கடல்நீரைச் சோதிப்போர் சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவற்றின் கருக்களை அந்நீரில் இட்டு, ஓரிரு நாள் கழித்து அவை உருக்கெடாமல் வளர்ந்துள்ளனவா என்று நுண்பெருக்கியில் எண்ணிப் பார்க்கின்றனர்.