தொலைகாட்டியும் ஆசனமும்

பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி எதற்கு? எல்லாக் கல்வி நிலையங்களும் அவர்க்கு வாயில் திறந்துவிட்ட இக்காலத்தில் அஃது ஒரு வேண்டா வேலியன்றோ? இங்ஙனம் வினவுவார் பலர். வேலி தடுப்பதற்கும் உதவும். இளம் பயிரைக் காப்பதற்கும் உதவும். விஞ்ஞானத் துறையில் இதற்குச் சான்றாக யான் காட்ட விரும்புவது அமெரிக்காவிலுள்ள வாசர் கல்லூரி.

மரியா மிச்செல் அம்மையார் நன்ரக்கெற் என்னுந் தீவிலே பிறந்தவர். கல்லூரியிற் பயிலாதவர். தந்தையாரிடம் வானநூல் கற்று, நூலகப் பொறுப்பாளராய்ப் பணிபுரிந்தவர். 1847-ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாளிரவு புதியதொரு வால்வெள்ளியைக் கண்டறிந்தார். டென்மார்க்கு அரசர் பொற்பதக்கம் வழங்கினார். எனினும், அவரைப் பேராசிரியர் ஆசனத்தில் இருத்த ஒரு கல்லூரி தோன்றுதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

அக்கல்லூரியே 1865-இல் திறக்கப்பட்ட வாசர். அதன் கட்டடங்களுள் முதலில் முடிவுற்றது வானாய்வு நிலையம். அங்கு நிறுவிய தொலைகாட்டி 12 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடையது. அந்நாளில் அந்நாட்டிலிருந்த பெருங்கருவிகளுள் ஒன்று. அம்மையார் அந்நிலையத்திலேயே குடியிருந்து கற்பித்தார். 1878-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணத் தம் பழைய மாணவியர் சிலரை டென்வர் நகர்வரை அழைத்துச் சென்றார்.

ஆங்கும் குறையில்லாமல் இல்லை. தம்மினும் இளைய ஆண் பேராசிரியர்கள் மிகுந்த ஊதியம் பெறுவதை அறிந்த அம்மையார், அதனை எதிர்த்து வாதாடியே தம் ஊதியத்தை உயர்த்துவித்தார்.

ஆசிரியத் தொழிலில் நரைத்த என்னை வியப்பிலாழ்த்துவது அதன் பின் நிகழ்ந்ததாகும். 1888-இல் அவர் ஓய்வுபெற, அவருடைய மாணவி மேரி விற்னி அவ்வாசனத்தில் அமர்ந்தார். விற்னிக்குப் பின் அவர் மாணவி கரொலைன் பேர்னெஸ். அவருக்குப் பின் மோட் மேக்கம்சன். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாசனம் பெண்களிடமே இருந்தது.

மிச்செல் கற்பித்த இடம் என்பதை அறிந்தே அக்கல்லூரியைத் தேர்ந்தவர் வேரா ரூபின். 1948-இல் பட்டம்பெற்ற அவர், மேற்படிப்பு விவரங் கேட்டுப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். வானநூற் பகுதியிற் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதே விடை. அத்தடை நீங்கியது 1975-இல். ரூபினோ வேறிடத்திற் பயின்று 1954-இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1970-ஆம் ஆண்டளவில் அவரும் கென்ற் போர்ட் என்பவரும் அந்திரோமேடா விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளந்தனர். ஓரத்திலுள்ளவை வேகங் குன்றிச் செல்லும் என்று கருதப்பட்டதற்கு மாறாக, அவையும் விரைந்தே சென்றன. கண்ணுக்குப் புலனாகாப் பொருள் ஒன்று அவற்றை ஈர்த்து நிற்கின்றது என்னுங் கொள்கைக்கு இத்தகைய அளவீடுகளே வலிய சான்றாயின.

பிரின்ஸ்ரனில் அறிஞரும் இருந்தனர், கருவியும் இருந்தது, பெண்ணுக்கு இடமில்லை. வாசரிலோ கற்க இடமும், கையாளக் கருவியும், கற்றவள் அமர ஆசனமும் ஒருங்கிருந்தன. மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வழிவழி மரபு அறுந்திருக்கும்.

1969 முதல் வாசரில் ஆடவரும் பயில்கின்றனர். அதிற் குறையொன்றுமில்லை, பயிர் நன்கு வேரூன்றிய பின்னரே அவ்வேலி நீங்கிற்று. நம் பெண்மக்களுக்கு விஞ்ஞானங் கற்பிக்க முனைவோர் ஆய்வுகூடத்துக்கு அடிக்கல் நாட்டுவதோடு அமையாது, அதிற் கற்றவள் நாளை அங்கே ஆசிரியையாய் அமர்வதற்கும் வழி செய்வாராக.