ஈரப்பதம் 17-ஆ, 22-ஆ? வேளாண் கொள்கை என்னும் தொழில்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் தர விதி. காவிரி டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் நெல்லை அந்த அளவுக்குக் காயவைக்க வழியில்லை. அப்போது 22 விழுக்காடு வரை தளர்வு கேட்டு மாநில அரசு மத்திய உணவுத் துறைக்குக் கடிதம் எழுதும். தரக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து மாதிரி எடுப்பார்கள்; ஆய்வக முடிவு போன பிறகே உத்தரவு வரும். 2022-இல் கிடைத்தது 19 விழுக்காடு. மழையளவையும் அறுவடைப் பரப்பையும் திரட்டி அந்தக் கடிதத்தை எழுதுபவர், டெல்லியில் அது கிடப்பில் போகாமல் பார்த்துக்கொள்பவர், வந்த குழுவுக்குப் பதில் சொல்பவர் எல்லாரும் செய்வது வேளாண் கொள்கைப் பணிதான். கடிதம் ஒரு வாரம் பிந்தினால் களத்தில் குவித்த நெல் முளைத்துவிடும்.

அரசமைப்புச் சட்டப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆதரவு விலை, ஏற்றுமதித் தடை, இறக்குமதி வரி, உர மானியம் ஆகியவற்றை டெல்லி முடிவு செய்கிறது. இத்தொழிலுக்கு வேலை கொடுப்பது இந்த இடைவெளியே.

விலையை எடுத்துக்கொள்வோம். 1965-இல் விலைக் குழுவாகத் தொடங்கி, 1985-இல் பெயர் மாறிய வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. முடிவெடுப்பது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 'ஏ2+எஃப்எல்' எனப்படும் அந்தச் செலவுக் கணக்கில் கையிலிருந்து செலவான பணமும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் உண்டு. சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் இல்லை. அவற்றையும் சேர்த்த 'சி2' செலவின் மீது 50 விழுக்காடு வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. ஆக, சண்டை சதவீதத்தில் இல்லை, எதைச் செலவு என்று எழுதுவது என்பதில்தான். அந்த எழுத்து தொடங்குவது கிராமத்தில். 1970-71 முதல் நடக்கும் சாகுபடிச் செலவுத் திட்டத்தின் களப் பணியாளர்கள், தேர்ந்தெடுத்த விவசாயிகளின் வரவு செலவைப் பதிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடத்துகிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காதவர் விலைக் கொள்கை பேசுவதில் பொருளில்லை.

நுழைவாயில்கள் பல. பொருளியல் முதுகலை முடித்தவர்கள் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். வேளாண் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேளாண்மை அலுவலர் தேர்வு உண்டு. நபார்டு வங்கியும், சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவையும் ஆள் எடுக்கின்றன.

தனியார் பக்கம் இதே வேலைக்கு 'அரசுத் தொடர்பு' என்று பெயர். விதை, உரம், பூச்சிமருந்து, சர்க்கரை நிறுவனங்கள் இதற்கென ஆள் வைத்திருக்கின்றன. தோட்ட முதலாளிகளுக்காக 1893-இல் உருவாகி, குன்னூரிலிருந்து இயங்கும் உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் இவ்வகை அமைப்புகளில் மூத்தவற்றில் ஒன்று. 2020-இல் 27 பூச்சிமருந்துகளுக்குத் தடை விதிக்கும் வரைவை மத்திய அரசு வெளியிட்டு ஆட்சேபம் கேட்டது. அத்தகைய நேரத்தில் நச்சுத்தன்மை, எச்ச அளவு, மாற்று மருந்து பற்றிய தரவுகளோடு கெடுவுக்குள் மனு போடுவதே இவர்கள் வேலை. அமைச்சரைத் தெரியும் என்பதைவிடக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிவது இங்கே பெரிய தகுதி.

சிக்கலும் இங்கேதான். அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஆதரவு திரட்டுபவர்கள் பதிவு செய்துகொண்டு செலவுக் கணக்கையும் காட்ட வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யார் யாரைச் சந்தித்தார் என்பது வெளியே தெரிவதில்லை. புதிய சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு வகுத்த கொள்கை மட்டும் இருக்கிறது. அந்த 30 நாளில் நிறுவனத்தின் அலுவலரும் கருத்து அனுப்பலாம், இரண்டு ஏக்கர் விவசாயியும் அனுப்பலாம்.