கம்பிக் கற்கூடையின் விளிம்பு வலிமை

ஆற்றங்கரையும் மலைச்சாரலிற் செல்லும் பாதையும் சரியாதவாறு காத்தற்கு எழுப்பப்படும் அணைகளுட் கம்பிக் கற்கூடைகளால் அமைவதும் ஒன்றாகும். இக்கூடையைக் கேபியன் என்பர். பெருங்கூடு எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். முற்காலத்து ஐரோப்பியப் படையினர் மிலாறுகளால் முடைந்த கூடைகளில் மண்ணை நிரப்பி, முற்றுகைக் காலத்தில் அரணாகக் கொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலே, போலோஞா நகருக்கு அணித்தாகிய ரேனோ ஆற்றின் அணைக்கட்டைப் பழுதுபார்த்தற்கு உருக்குக் கம்பியால் முடைந்த கூடைகள் பயன்பட்டன. இன்றைய கற்கூடைகள் அவற்றின் வழி வந்தவை.

இக்கூடையில் மூவகைக் கம்பிகள் உள. அறுகோணக் கண்களாகப் பின்னப்படுவது வலைக் கம்பி. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஓடுவது விளிம்புக் கம்பி. பக்கங்களை ஒன்றோடொன்று தைப்பது பிணைப்புக் கம்பி. 8 சதமமீற்றர் அகலமும் 10 சதமமீற்றர் நீளமும் உள்ள கண்களையுடைய கூடைகளில் இவற்றின் விட்டங்கள் பெரும்பாலும் முறையே 2.7, 3.4, 2.2 மில்லிமீற்றராக அமையும். வலைக்குப் போதிய கம்பி விளிம்புக்கு மட்டும் போதாதது ஏன்? இவ்வினாவே ஈண்டு ஆராயத்தக்கது.

வலையின் நடுவிலே ஒரு கம்பி அறுந்ததாயின் அதன் சுமையை அயற்கம்பிகள் பகிர்ந்துகொள்ளும். கம்பிகள் இரட்டை முறுக்காகப் பின்னப்பட்டிருத்தலின், அறுந்த இடத்தினின்றும் வலை பிரிந்து செல்வதுமில்லை. விளிம்பின் நிலை அத்தகையதன்று. அங்கே ஒரு புறத்தில் மட்டுமே வலை உண்டு. கற்கள் வெளிநோக்கித் தள்ளுங்கால், வலைக் கம்பிகள் அனைத்தின் இழுப்பும் ஓரத்தில் வந்து முடிகின்றது. விளிம்புக் கம்பி அவ்விழுப்பைத் தாங்கிப் பிணைப்புகளிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஆடைக்குக் கரையும் மீன்வலைக்கு ஓரக்கயிறும் ஆற்றும் தொழில் இதுவே.

கம்பியின் இழுவலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 2.7 மி.மீ. கம்பியின் பரப்பு ஏறத்தாழ 5.7 சதுர மி.மீ.; 3.4 மி.மீ. கம்பியினது 9.1 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீற்றருக்கு 400 நியூற்றன் தாங்கும் உருக்கெனக் கொள்வோமாயின், முன்னையது 2,290 நியூற்றனிலும் பின்னையது 3,630 நியூற்றனிலும் அறும். விட்டம் கால்மடங்கே கூடியபோதும் வலிமை ஒன்றரை மடங்கினும் மிகுகின்றது. வளைதலை எதிர்க்கும் விறைப்போ விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பற்றுதலால் இரண்டரை மடங்காகின்றது. கல் நிரப்புங்காற் கூடையின் உருவம் குலையாது நிற்றற்கு இவ்விறைப்பு உதவும்.

எனினும் கம்பியின் பருமன் ஒன்றே போதுமென எண்ணுதல் தவறு. வலையானது விளிம்பை மீற்றருக்கு 10 கிலோநியூற்றன் விசையுடன் இழுப்பதாகவும், பிணைப்புகளின் இடைத்தூரம் 15 சதமமீற்றர் எனவும், கம்பி அத்தூரத்திற் பத்திலொரு பங்கு வில்போல் வளைவதாகவும் உதாரணத்தின்பொருட்டுக் கொள்வோம். அப்பொழுது கம்பியில் எழும் உச்ச இழுவிசை ஏறத்தாழ 2,000 நியூற்றன். மெல்லிய கம்பி அறும் எல்லையை அண்மிவிடும். தடித்த கம்பி அமைதியாகத் தாங்கும். இனி, வேலையாள் விரைவு கருதி ஒன்றுவிட்டொரு பிணைப்பைத் தவிர்த்தானாயின் இடைத்தூரம் 30 சதமமீற்றராகும். வளைவின் விகிதம் மாறாதிருப்பின் இழுவிசை இருமடங்காகி 4,000 நியூற்றனை எட்டும். தடித்த கம்பியும் அதனைத் தாங்காது. தொழிற்சாலை தந்த ஒன்றரை மடங்கு வலிமையை வேலைத்தலத்தின் கவனக்குறைவு முற்றாக விழுங்கிவிடுகின்றது. 15 சதமமீற்றருக்கு ஒரு பிணைப்பாக, ஒற்றைச் சுற்றும் இரட்டைச் சுற்றும் மாறிமாறி வருமாறு தைத்தல் வேண்டுமென்னும் விதியின் காரணம் இதனாற் புலனாகும்.

பிறிதொன்றும் நோக்கற்பாலது. வலை விளிம்பைப் பற்றிநிற்கும் பொருத்தே கூடையின் நலிந்த இடமாகும். ஏ.எஸ்.ரீ.எம். ஏ 975 என்னும் அமெரிக்க நியமம், பீ.வீ.சீ. உறையிட்ட இவ்வகை வலை முறுக்கின் திசையிலே மீற்றருக்கு 42.3 கிலோநியூற்றன் தாங்குதல் வேண்டுமென விதிக்கின்றது. விளிம்போடு பொருந்துமிடத்தில் அது வேண்டுவதோ 17.5 கிலோநியூற்றன். வலையின் வலிமையில் ஐந்தில் இரண்டு பங்கேயாம் இது. ஆதலின், வலைக் கம்பியின் முனை விளிம்பைச் சுற்றி நெருங்க முறுக்கப்படாவிடின், விளிம்பு அறாமலே வலை உருவிக்கொண்டு போய்விடும். அங்ஙனம் முறுக்குதற்குக் கம்பி மென்மையுடையதாதல் வேண்டும். மிகக் கடினமான உருக்கு இழுவலிமையில் மிக்கதாயினும், முறுக்குங்கால் வெடிக்கவும் அதன்மேற் பூசிய நாகம் உதிரவும் கூடும். நாகம் உதிர்ந்த இடத்திற் றுருப்பற்றும். துருப்பற்றிய கம்பியின் பரப்புக் குறையும். பரப்புக் குறைய வலிமையும் குறையும்.

ஆகவே, கற்கூடை அணையொன்றைச் சோதிப்போர் வலையின் கண்ணை அளந்த அளவில் அமைந்துவிடலாகாது. விளிம்புக் கம்பியின் விட்டம், வலைமுனையின் முறுக்கு, பிணைப்புகளின் இடைத்தூரம், நாகப்பூச்சின் நிலை ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். கரையின் கீழே வாழும் மக்களின் வீடும் வயலும் தொன் கணக்கான கற்களால் மட்டும் காக்கப்படுவனவல்ல. அக்கற்களைச் சிதறாது நிறுத்தும் மூன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒரு கம்பியும், அதனைத் தைத்த கையின் நேர்மையுமே அவற்றுக்குக் காவலாம்.