சுவர்ப் பெட்டி மக்கர் செய்தால்...

அமெரிக்காவில் நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் ஒரு ராத்திரியாவது தங்கியவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தெரிந்திருக்கும். ஜன்னலுக்குக் கீழே சுவரைத் துளைத்துக்கொண்டு, பாதி உடம்பு அறைக்குள்ளும் மீதி வெளியிலுமாக உட்கார்ந்திருக்கும். கோடையில் குளிர்காற்று, குளிர்காலத்தில் வெப்பக்காற்று. தொழில்காரர்கள் இதை 'பி.டி.ஏ.சி.' என்கிறார்கள். பேக்கேஜ்டு டெர்மினல் ஏர் கண்டிஷனர் என்பதன் சுருக்கம். நியூயார்க்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் அறைக்கு அறை இதுதான். குவீன்ஸில் நான் குடியிருக்கும் வீட்டிலும் இரண்டு உண்டு.

ஒழுங்காக ஓடும்வரை இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோகிற நாள் பெரும்பாலும் ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை மாலையாக இருக்கும். மெக்கானிக் வருவதற்குத் திங்கள், செவ்வாய் ஆகிவிடும். வந்து எட்டிப் பார்ப்பதற்கே ஒரு தொகை. வீட்டில் கைக்குழந்தையோ, ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரோ இருந்தால் அந்த இரண்டு நாளைக் கடப்பது விளையாட்டில்லை. என் வீட்டுப் பெட்டிகளையும், நண்பர்கள் கூப்பிட்டுக் காட்டிய பெட்டிகளையும் பார்த்ததில் ஒன்று சொல்ல முடியும். கோளாறு பல சமயம் இயந்திரத்தின் உள்ளே இருப்பதில்லை; அதற்குப் போகும் மின்சாரத்திலோ, காற்றிலோ, அது கழிக்கும் தண்ணீரிலோ இருக்கிறது. இவற்றை நாமே பார்க்கலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுவரில் ஓர் இரும்புக் கூடு பதிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் பரவலாக இருப்பது 42 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட கூடு. இயந்திரம் முழுவதும் மேஜை இழுப்பறை போல இதற்குள் சொருகப்பட்டிருக்கும். நடுவில் ஒரு தடுப்பு. தடுப்புக்கு இந்தப்பக்கம் அறையை நோக்கிய சுருளும் மின்விசிறியும். அந்தப்பக்கம் தெருவை நோக்கிய இன்னொரு சுருள், கம்ப்ரெஸர்.

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும் அது செய்வது சுமைகூலி வேலைதான். அறையில் இருக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டுகிறது. இரண்டு சுருள்களுக்கும் இடையே சுற்றிவரும் குளிர்பதனப் பொருள் அறைப்பக்கம் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். தெருப்பக்கம் திரவமாகி அதை இறக்கிவைக்கும்.

குளிர்காலத்தில் கதை மூன்று விதம். முதல் விதத்தில் டோஸ்டரில் இருப்பது போன்ற மின்கம்பிச் சுருள் பழுத்துச் சிவந்து காற்றைச் சூடாக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். இரண்டாவது 'ஹீட் பம்ப்'. இதில் ஒரு வால்வு திரும்பிக்கொள்ள, சுமைகூலிக்காரர் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பிப்பார். வெளிக்காற்று நமக்குக் குளிர்ந்தாலும் அதில் வெப்பம் மிச்சமிருக்கிறது; வெளிச்சுருளை அதைவிடக் குளிரவைத்து அந்த வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். மூன்றாவது விதத்தில் கட்டடத்தின் பாய்லரிலிருந்து சுடுநீரோ நீராவியோ குழாய் வழியே பெட்டிக்குள் வரும். மின்விசிறி மட்டுமே நம்முடையது.

உங்களுடையது எந்த விதம் என்று இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முன்மூடியைக் கழற்றினால் மாடல் எண் ஒட்டியிருக்கும். காதாலும் கண்டுபிடிக்கலாம். வெப்பம் வரும்போது கம்ப்ரெஸரின் கனத்த ரீங்காரம் கேட்டால் ஹீட் பம்ப். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டால் மற்ற இரண்டில் ஒன்று.

முதலில் மின்சாரம்

பெட்டி சுத்தமாக உயிரில்லாமல் கிடந்தால் முதலில் பார்க்கவேண்டியது சுவர் ப்ளக். இதன் தலை சாதாரண ப்ளக்கைவிடப் பெரிதாக, 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான்களோடு இருக்கும். வயரின் உள்ளே சேதம் ஏற்பட்டு மின்கசிவு இருந்தால் தீப்பிடிப்பதற்கு முன் துண்டித்துவிடும் பாதுகாப்பு அது. ஒரு நொடி மின்தடை வந்தால்கூடச் சில சமயம் துண்டித்துக்கொள்ளும். ரீசெட்டை அழுத்திப் பாருங்கள். நின்றால் சரி. மறுபடி மறுபடி விழுந்தால் வயரில் சேதம் இருக்கலாம். டேப் சுற்றி ஒப்பேற்றுகிற வேலை வேண்டாம், வயரையே மாற்றவேண்டும்.

அடுத்து பிரேக்கர் பெட்டி. விழுந்த பிரேக்கரை முழுவதும் அணைத்துவிட்டுப் பிறகு போடவேண்டும். ஒரு முறை போடலாம். உடனே திரும்ப விழுந்தால் அது நமக்குச் சொல்லும் செய்தி: 'நிறுத்து'. ப்ளக்கோ சுவர்த் துவாரமோ தொட்டால் சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது ஒன்றே வழி. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 230 வோல்ட் வாங்குபவை. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டுவதற்கான சாதனம் அல்ல இது.

இன்னொன்று. அணைத்துப் போட்டவுடன் விசிறி மட்டும் சுற்றி, குளிர் வராவிட்டால் பதற வேண்டாம். கம்ப்ரெஸர் நின்றவுடனே மறுபடி கிளம்பினால் அதற்குக் கேடு என்பதால், ஏறக்குறைய மூன்று நிமிடம் காத்திருக்கும்படி உள்ளேயே ஏற்பாடு உண்டு. பொறுமையில்லாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் மூன்று நிமிடம் ஆறாகும், ஒன்பதாகும்.

பிறகு காற்று

ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை அல்லது சூடாகவில்லை என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். இதற்கு முதல் காரணம் ஃபில்டர். முன்மூடிக்குப் பின்னால் அல்லது மேலே வலைபோல இருப்பதை உருவி எடுங்கள். தாளிப்பும் எண்ணெய்ப்புகையும் உள்ள நம் சமையலுக்குப் பக்கத்து அறையில் இருந்தால், தூசி எண்ணெயோடு சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டவேண்டும். மாதம் ஒரு முறை போதும்.

ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும்? கோடையில் சுருளுக்குப் போதிய காற்று கிடைக்காமல் அதன்மேல் பனிக்கட்டி கட்டும். கட்டிய பனி மிச்சக் காற்றையும் தடுக்கும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் கொண்டு சுரண்டினால் சுருளில் ஓட்டை விழுந்து பெட்டியே போய்விடும். குளிரூட்டலை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டால் சில மணி நேரத்தில் தானாக உருகும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால் குளிர்பதனப் பொருள் குறைந்திருக்க வாய்ப்புண்டு. அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

குளிர்காலத்தில் காற்று தடைப்பட்டால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் வெப்பத்தை நிறுத்தும், ஆறியதும் விடும், மறுபடி நிறுத்தும். ஐந்து நிமிடம் சூடு, பத்து நிமிடம் வெறுங்காற்று என்று மாறிமாறி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெட்டியின் மேல் தொங்கும் திரைச்சீலை, முன்னால் ஒட்டிப்போட்ட சோபா, மேலே அடுக்கிய புத்தகங்கள் (நம்மவர் வீடுகளில் இதுவும் உண்டு) எல்லாவற்றையும் அகற்றுங்கள். தெர்மோஸ்டாட் பெட்டியிலேயே இருப்பதால், திரைக்குள் சிக்கிய சூட்டை அறையின் சூடு என்று நம்பி அது நிறுத்திக்கொள்ளும்.

ஒரு சாதாரண வெப்பமானியே நல்ல பரிசோதனைக் கருவி. குளிரூட்டலைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பெட்டிக்குள் போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். பாரன்ஹீட்டில் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது. குற்றம் ஜன்னல் இடுக்கிலோ, சுவர்க்கூட்டைச் சுற்றிய விரிசலிலோ, திறந்து கிடக்கும் வெளிக்காற்றுக் கதவிலோ இருக்கலாம். அந்தச் சின்னக் கதவைத் திறக்க, மூட முன்மூடிக்குள் ஒரு நெம்பு இருக்கும். குளிர்காலத்தில் அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்

வில்லிஸ் கேரியர் 1902-ல் முதல் நவீனக் குளிர்சாதனத்தை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. இதே நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் போன பிரச்சினைக்குத் தீர்வாகக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அது பிறந்தது. ஆக, காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவது இதன் பிறவிக்குணம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தடுப்பின் அடியாகத் தெருப்பக்கத் தட்டுக்குப் போகும். அங்கே விசிறியின் விளிம்பிலுள்ள வளையம் அதை அள்ளிச் சூடான வெளிச்சுருளின்மேல் தெளிக்கும். சுருளும் குளிரும், தண்ணீரும் ஆவியாகும். கோடையில் 'சளக் சளக்' என்று கேட்பது இந்தச் சத்தம்தான், நோயல்ல. தண்ணீர் அறைக்குள் சொட்டினால்தான் கவலை. தட்டு அழுக்கால் அடைத்திருக்கலாம், அல்லது கூடு அறைப்பக்கம் சாய்ந்திருக்கலாம். பெட்டியின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். தட்டைச் சுத்தம் செய்ய இயந்திரத்தை வெளியே இழுக்கவேண்டும். நூறு பவுண்டுக்கு மேல் கனக்கும். இரண்டு பேர் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்காமல் முயற்சி செய்யவே செய்யாதீர்கள்.

குளிர்காலத்துச் சந்தேகங்கள்

பருவத்தின் முதல் நாள் வெப்பம் போட்டதும் வரும் கருகல் வாடை, கோடையில் படிந்த தூசி எரிவது. அரைமணியில் போய்விடும். போகாவிட்டால் அணைத்துவிடுங்கள். ஹீட் பம்ப் வீட்டில் வெளியே உறைநிலையை நெருங்கும்போது ரீங்காரம் நின்று, காற்று திடீரென்று அதிகம் சுடும். அந்தக் குளிரில் வெப்பத்தை உறிஞ்ச முடியாமல் பெட்டி மின்கம்பிச் சுருளுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். ஜனவரி மின்சார பில் எகிறுவதற்கும் இதுவே விளக்கம். மாறாக, மிதமான குளிரிலும் ரீங்காரமே கேட்காவிட்டால், பெட்டி ஓடினாலும் ஹீட் பம்ப் பழுது. பில்லைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. பாய்லர் வகையில் விசிறி ஓடியும் குளிர்காற்றே வந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அங்கும் அப்படித்தான் என்றால் கோளாறு உங்கள் பெட்டியில் இல்லை.

கை வைக்கக் கூடாதவை

இரண்டு இருக்கின்றன. ஒன்று, கம்ப்ரெஸரை உதைத்துக் கிளப்பும் கெபாசிட்டர். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்; தொட்டால் தூக்கிப்போடும். இரண்டு, குளிர்பதனப் பொருள். பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சரக்கல்ல அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்றவரைத் தவிர மற்றவர்கள் அதைக் கையாளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே வருடாவருடம் 'கேஸ் போட' யாராவது வந்தால் கசிவு எங்கே என்று கேளுங்கள். பழைய ஆர்-22 வகைப் பெட்டியானால் யோசிக்கவே வேண்டாம். அந்தப் பொருளின் புது உற்பத்தியும் இறக்குமதியும் இங்கே 2020-லிருந்து இல்லை. கூட்டை அப்படியே விட்டு, அதே அளவில் வேறு இயந்திரத்தைச் சொருகுவதே பெரும்பாலும் லாபம்.

சரியாகும்வரை

நியூயார்க் நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்கு வெப்பம் தருவது உரிமையாளர் கடமை. காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே குறைந்தது 68 இருக்கவேண்டும். இரவில் வெளியே எப்படியிருந்தாலும் 62. முதலில் உரிமையாளருக்கோ கட்டடத்து 'சூப்பர்' என்கிற பராமரிப்பாளருக்கோ சொல்லுங்கள். கேட்காவிட்டால் 311-ஐ அழைக்கலாம். வாடகைக்கு இருக்கும் நம்மவர் பலர் 'எதற்கு வம்பு' என்று கடையில் ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வந்துவிடுகிறார்கள். 2022 ஜனவரி 9 அன்று பிராங்க்ஸ் அடுக்குமாடி ஒன்றில் அப்படிப்பட்ட மின்ஹீட்டரில் தொடங்கிய தீயின் புகை, திறந்து நின்ற கதவுகள் வழியே பரவி 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். வேறு வழியில்லாமல் வைத்தால் நேராகச் சுவர்த் துவாரத்தில் மாட்டுங்கள், படுக்கை, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், தூங்கப்போகுமுன் அணையுங்கள். அடுப்பை எரியவிட்டு வீட்டைச் சூடாக்குவது இதைவிட ஆபத்து.

புகார் சொல்லுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மாடல் எண், நின்றுபோன நாளும் நேரமும், ரீசெட்டும் பிரேக்கரும் என்ன செய்தன, ஃபில்டர் கழுவிய தேதி, கம்ப்ரெஸர் சத்தம் கேட்கிறதா, அறையின் வெப்பநிலை காலையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு. மெக்கானிக்குக்கு இது பாதி வேலையைக் குறைக்கும். விஷயம் 311 வரைக்கும் போனால், தேதியும் டிகிரியும் எழுதிய அதே தாள் உங்கள் பக்கம் பேசும்.