வீட்டில் ஓடும் சர்வர் ஏன் முடங்குகிறது?

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் நடத்துபவரோ செங்கல்பட்டின் பழைய படங்களைச் சேர்த்து வைப்பவரோ, தன் இணையதளத்தை வாடகை சர்வரில் வைக்காமல் வீட்டிலேயே நடத்தலாம். ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியே அதற்குப் போதும். படங்களும் எழுத்தும் நம் வசமே இருக்கும் என்பதால் இந்த வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் தளம் ஒருநாள் திறக்காமல் போனால், பழுது எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். பலர் உடனே சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து மாற்றத் தொடங்குகிறார்கள். நேற்றுவரை ஓடிய கோப்பு தானாக மாறாது. கடலோரத்தில் பழுது பெரும்பாலும் அதற்கு வெளியே, கரண்டிலோ கேபிளிலோ ஐபி முகவரியிலோதான் இருக்கும்.

முதலில் சர்வரின் வீட்டு முகவரியை, அதாவது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணை, வீட்டு வைஃபையில் இருக்கும் போனில் அடித்துப் பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் தளத்தின் பெயரை அடியுங்கள். உள்ளே திறந்து வெளியே திறக்காவிட்டால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, வழியில்தான் சிக்கல். உள்ளேயே திறக்காவிட்டால் கணினியைப் பாருங்கள். சில வீடுகளில் தளத்தின் பெயர் வெளியே திறக்கும், வீட்டு வைஃபையில் மட்டும் திறக்காது. வீட்டுக்குள்ளிருந்து வெளிமுகவரிக்குப் போய் மறுபடி உள்ளே திரும்பும் வேலையைப் பல ரவுட்டர்கள் செய்வதில்லை. அது பழுது அல்ல, அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்து கரண்ட். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரம் நிற்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று மின்வாரியம் பகலில் நிறுத்துவதும் உண்டு. கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் எழும்போது ரவுட்டர் சர்வருக்குப் பழைய எண்ணைக் கொடுக்காமல் வேறு எண்ணைக் கொடுத்துவிடலாம். வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களை நாம் பழைய எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருப்போம். அந்த எண்ணில் இப்போது டிவி இருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் சர்வருக்கு நிரந்தர எண் ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் மறுபடி வராது.

கடிகாரத்தையும் பாருங்கள். ராஸ்பெர்ரி பை நான்காம் தலைமுறை வரை, கரண்ட் இல்லாத நேரத்தில் ஓடும் கடிகாரம் அதில் கிடையாது. நெட் கிடைத்த பிறகே சரியான நேரம் தெரியும். தேதி தவறாக இருக்கும்வரை பாதுகாப்பான இணைப்புகள் பலவும் மறுக்கப்படும். ரவுட்டர் முழுதாக எழுவதற்குள் சர்வர் எழுந்துவிட்டால், நெட்டைத் தேடிப் பார்த்துச் சில சேவைகள் நின்றுவிடும். இதற்கு மருந்து, பத்து நிமிடம் பொறுத்து ஒருமுறை முறையாக மறுதொடக்கம் செய்வதே. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அதனால் கார்டுக்குப் பதில் சர்வருக்கு எஸ்எஸ்டி வாங்குவது வீண்செலவு அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்திலேயே கணினி அணைந்து எழலாம்.

மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைபர் கட். கம்பத்துக் கேபிள் மேல் கிளை விழுந்திருக்கும், அல்லது சாலையைத் தோண்டியிருப்பார்கள். லைன் சரிசெய்பவர் வரும்வரை நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் நெட்வொர்க் கேபிளின் முனையையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் உலோக முனை அரித்துப்போகும். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். வேகம் திடீரென 100-க்கு இறங்கியிருந்தால் அந்த முனையைச் சந்தேகியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் வெளியிலிருந்து தளம் திறக்கவே இல்லையென்றால், காரணம் பொது முகவரி இல்லாததாக இருக்கலாம். பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி எண்கள். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கு இந்த எண்களைப் பங்கிடும் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. ஒரே கதவு எண் கொண்ட அடுக்ககத்துக்கு வீட்டு எண் எழுதாத கடிதம் வந்தால் காவலாளி யாரிடம் கொடுப்பார்? அதே நிலைதான் இங்கும். நாம் வெளியே போகலாம், வெளியாள் நம் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐபி எது என்று காட்டும் இணையப் பக்கம் சொல்லும் எண்ணோடு அது பொருந்தாவிட்டால், முகவரி பகிரப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அந்த வரிசையில் இருந்தால் ஐயமே வேண்டாம். ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இருக்காது.

கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி கேட்பது ஒரு வழி. ஐபிவி6 இன்னொன்று. அதன் பரவலில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது, உங்கள் இணைப்பிலும் இருக்கக்கூடும். ஆனால் ஐபிவி4 மட்டும் வைத்திருக்கும் வாசகருக்கு அந்த வழியில் தளம் தெரியாது. மூன்றாவது வழி கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவை. சர்வரே வெளியே ஒரு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், வாசகர் அதன் வழியே வருவார். நடுவில் இருக்கும் நிறுவனத்தால் போக்குவரத்தைப் பார்க்க முடியும் என்பது இதன் குறை. ஊரறிய வெளியிடும் படங்களுக்கு அது பெரிய இடர் அல்ல என்பதால், பெரும்பாலோருக்கு இதையே சொல்வேன்.

தளம் திறக்கிறது, ஆனால் பிரவுசர் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கிறதா? சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் வழக்கமாக 90 நாள் செல்லும். சாதாரண முறையில் அதைப் புதுப்பிக்க 80-ஆம் எண் போர்ட் திறந்திருக்க வேண்டும். முடிவுக்கு 30 நாள் இருக்கும்போதே மென்பொருள் புதுப்பிக்க முயன்றிருக்கும். ஆகவே இன்று தெரியும் பழுது ஒரு மாதம் முன்பே தொடங்கியது. பதிவுக் கோப்பில் அந்தத் தேதியைத் தேடுங்கள்.

தேடும் அவசரத்தில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எல்லாவற்றின் நகலையும் வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.