தனியுரிமை

நம் நாட்டுப் பழைய வீடுகளில் திண்ணையும் உண்டு, உள்ளறையும் உண்டு. திண்ணையில் வழிப்போக்கரும் அமர்வர். உள்ளறையிலோ வீட்டாரின் இசைவின்றி ஒருவரும் புகார். உள்ளறைக் கதவைச் சாத்துவது அங்கே குற்றம் நிகழ்வதாலன்று. தமக்கென ஓர் இடம் வேண்டும் என்னும் மாந்தர் இயல்பினாலாகும். இவ்வியல்பைப் போற்றும் உரிமையே தனியுரிமை எனப்படும்.

இக்காலத்தில் கைப்பேசியும் கணினியும் உள்ளறைக்கே வந்துவிட்டன. ஆதலின், கதவு சாத்தியிருந்தும் பிறர் பார்வை உள்ளே நுழைதல் கூடும். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

வலைத்தளத்தை நமக்கு அனுப்பும் கணினி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றவர் முன்னர் வந்தவரே என்பதைத் தானாக அறியாது. இக்குறையை நீக்க, 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மாண்டுல்லி என்பார் ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பை அமைத்தார். தளம் தரும் அக்குறிப்பை நம் உலாவி வைத்திருந்து, மீண்டும் அத்தளத்திற்குச் செல்லும்போது காட்டும். இதனால் நன்மையே உண்டு.

தீங்கு பின்னர்த் தோன்றியது. ஒரு தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனம் ஒன்று இடம்பெற்றால், அதுவும் தன் குக்கியை இடலாம். அந்நிறுவனமே நூறு தளங்களில் இடம்பெறின், நாம் செல்லும் வழியெல்லாம் அதற்குத் தெரியவரும். கடைதோறும் ஒரே முதலாளியின் கணக்கர் அமர்ந்து, இன்னார் இன்னது வாங்கினார் என்று ஒரே ஏட்டில் எழுதுவது போன்றது இது.

“ஒரு சிறு செய்தி வெளிப்படின் என்ன?” எனச் சிலர் வினவுவர். பட்டு நெய்யும் வெம்பாக்கத்துத் தறியைக் கண்டவர் இதற்கு விடை அறிவர். ஊடை இழை ஒன்றைத் தனியே நோக்கினால் ஒன்றும் புலனாகாது. நாடா ஓட ஓட, இழையோடு இழை சேர்ந்து உருவம் தோன்றும். அவ்வாறே, ஒருவர் தேடிய மருந்து, சென்ற ஊர், கண்விழித்த நேரம் ஆகியவை ஒன்றுகூடின், அவருடைய நோயும் கடனும் கவலையும் அயலார்க்குத் தெரிந்துவிடும்.

இவ்வுரிமைக்காக முதியவர் ஒருவர் வழக்காடினார். கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்து ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி, 2012இல் தமது 86ஆம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகினார். தனியுரிமை அடிப்படை உரிமையன்று என அரசு வாதிட்டது. 1954இல் எட்டு நீதிபதிகள் அளித்த தீர்ப்பைச் சான்று காட்டிற்று. ஆதலின் ஒன்பது நீதிபதிகள் கூடி ஆராய்ந்தனர். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று அனைவரும் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். ஆதார் திட்டம் 2018இல் சில வரையறைகளுடன் ஏற்கப்பட்டது. எனினும் உரிமை நிலைபெற்றது. பின்னர் 2023இல் தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும் என அது விதிக்கிறது.

சட்டம் மட்டும் போதுமோ? போதாது. தளம் அமைப்போர்க்கும் அறம் வேண்டும். வெம்பாக்கத்து நெசவாளர் ஒருவர் தம் சேலைகளை விற்கத் தளம் அமைப்பதாகக் கொள்வோம். சேலையை அனுப்ப வாங்குவோரின் முகவரி வேண்டும். பிறந்த நாள் எதற்கு? தேவையானதை மட்டும் கேட்டல், கேட்டதைப் பிறர்க்கு விற்காமை, பயன் முடிந்ததும் அழித்தல் ஆகிய மூன்றும் தளம் அமைப்போர்க்கு உரிய கடமைகளாம். திரட்டி வையாத செய்தியை எக்கள்வராலும் கவர இயலாது அன்றோ?

மாணவர்களே! உங்கள் பெயரையும் எண்ணையும் எவரேனும் கேட்பின், “இஃது எதற்கு?” எனப் பணிவுடன் வினவுங்கள். பிறருடைய படத்தையோ செய்தியையோ அவர் இசைவின்றிப் பரப்பாதீர்கள். நம் உள்ளறையைக் காக்க விரும்பும் நாம், பிறர் உள்ளறையின் வாயிலில் நின்று கேட்டே நுழைதல் முறையாகும்.